பத்து மணியா, நாலு மணியா

விழித்திரையைப் பார்த்து வரைந்து கொடுத்துவிட்டு அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது, யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. லென்ஸ் நழுவவில்லை. படுத்திருந்த பெரியவரின் கண்ணில் விரலால் குத்தவும் இல்லை. வலது கண்ணின் ஓரத்தில் ஒளிந்திருந்த கிழிசலைத் தேடிப் பிடித்தாள், வரைந்தாள், நன்றி சொன்னாள், வந்துவிட்டாள். மதியத்துக்கு மேல் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதிலும் அவள் வரைந்த படத்தைப் பற்றியேதான் கேட்பார்கள். தான் பார்த்ததைத் தானே சொல்வதற்கு என்ன பயம்?

ஊரில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுப் பவர் பார்த்து எழுதிக் கொடுப்பவள். வருகிறவர்கள் டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள். "சரிங்க டாக்டரம்மா" என்று விட்டுப் போவார்கள். கண்ணுக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம். ஆனால் எது இன்றைக்கே போக வேண்டியது, எது அடுத்த மாதம் போனாலும் பரவாயில்லை என்று உறுதியாகச் சொல்லத் தெரியாமல் அவள் தவித்த நாட்கள் நிறைய. அந்தத் தவிப்புதான் அவளை இந்த மேல்படிப்பில் கொண்டுவந்து சேர்த்தது. வேலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகம் நடத்தும் பகுதிநேரப் படிப்பு. பாடமெல்லாம் கணினியில். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நேரில் வந்து பயிற்சி. இது கடைசி வருடம், கடைசித் தேர்வு.

கடை முதலாளி போன வருடமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் லீவு கொடுத்தார். இந்த வருடம் பேச்சை இழுக்கவே இல்லை. "போயிட்டு வாங்க. ஆனா ஃபெயிலாகி, அடுத்த வருஷமும் போறேன்னு வந்து நின்னீங்கன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன், நீங்க வேற கடையப் பாத்துக்குங்க."

ஆக இதில் தேறினால் வேலையும் உண்டு, பட்டமும் உண்டு. தேறாவிட்டால் இரண்டில் ஒன்றைக் கைகழுவ வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தான் நெட்டை. அவளோடு படிக்கிறவன், அவளைவிட எட்டு வயது சின்னவன். கதவு நிலைகளுக்கெல்லாம் தலை குனிந்தே பழகியவன் என்பதால், வந்த முதல் நாளே வகுப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதே பெரியவர், அதே கண். அவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவன்.

"எப்படிக்கா?"

"நல்லாப் போச்சு தம்பி. கிழிசல் கெடைச்சிருச்சு."

"எனக்கும்தான். பத்து மணிகிட்ட, இல்ல?"

அவள் ஸ்பூன் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. கண்ணின் உள்வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு இடம் குறிப்பது அவர்கள் தொழில் வழக்கம். பத்து மணி என்றால் மேலே, காதோரப் பக்கம். அவள் வரைந்ததோ நேர் எதிரே, கீழே, மூக்கோரமாக.

"நாலு மணி," என்றாள்.

"பத்துக்கா."

"நாலு தம்பி. நான் நாலுலதான் போட்டிருக்கேன்."

அவள் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் லென்ஸைப் பிடித்துப் பார்க்கும்போது, கண்ணின் உட்புறம் தலைகீழாகத்தான் தெரியும். மேலே இருப்பது கீழே, இடது பக்கம் இருப்பது வலது பக்கம். அதைச் சரியாக வரைய இரண்டு வழி உண்டு. பார்த்ததை மனதுக்குள் திருப்பிக்கொண்டு வரையலாம். கடையில், எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, மேஜைக் கருவியில் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது அவள் செய்வது அதுதான். இத்தனை வருடத்தில் அது செருப்பு மாட்டுவது போல யோசிக்காமல் நடக்கிற காரியமாகிவிட்டது. இன்னொரு வழி, படுத்திருப்பவரின் நெஞ்சில் தாளையே தலைகீழாக வைத்துவிட்டு, கண்டது கண்டபடி வரைவது. இங்கே சொல்லிக் கொடுத்தது அது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால் திருப்பியது மறுபடி திரும்பி, பத்து மணி நாலு மணியில் போய் உட்கார்ந்துவிடும்.

தாளைத் தலைகீழாக வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மனது தன் பங்குக்கு என்ன செய்தது என்பதுதான் தெரியவில்லை.

"வா," என்று எழுந்தாள். "நீ படு."

"எங்க?"

"அந்த பெஞ்சுல. நான் நின்ன மாதிரியே நின்னு பாக்கறேன். கை எந்தப் பக்கம் போச்சுன்னு ஞாபகம் வரும்."

தாழ்வாரத்துப் பெஞ்சில் நெட்டை படுத்தான். முழங்காலுக்குக் கீழே அவன் பெஞ்சுக்கு வெளியே இருந்தான். சட்டை மேல் சாப்பாட்டுக் கூடத்துக் காகிதக் கைத்துடைப்பைத் தலைகீழாக விரித்து, அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு, இல்லாத லென்ஸை இரண்டு விரலால் பிடித்து, இல்லாத வெளிச்சத்தில் அவள் குனிந்தாள்.

"அக்கா, மூக்குல மூச்சு விடாதீங்க, கூசுது."

"சும்மா இரு. மேல பாரு. இப்பக் கீழ."

தரை துடைக்கிற அம்மா ஒருவர் வாளியும் மாப்புமாக வந்து நின்றார். "கால எடுங்க தம்பி, தொடைக்கணும்."

"நான் நோயாளிங்க."

"நோயாளின்னா உள்ள போயிப் படுங்க. இது நடக்கற வழி."

நெட்டை காலை மடக்கிக்கொண்டான். அவள் மறுபடியும் குனிந்தாள். பேனா தன் பக்கமாக வந்ததா, அந்தப் பக்கமாகப் போனதா? இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாள். இரண்டுமே காலையில் செய்தது போலத்தான் இருந்தது. கை எதற்கும் சாட்சி சொல்ல மறுத்தது.

"சரி, விடு. நீ பத்துலதான் பாத்திருக்க. நான்தான் ரெண்டு தடவ திருப்பிட்டேன் போல. போயி மாத்திச் சொல்லிடறேன்."

நெட்டை எழுந்து உட்கார்ந்தான். கைத்துடைப்பைச் சின்னச் சின்னதாகக் கிழித்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"நான் சரியாப் பாக்கல. வெளிச்சம் பட்டதும் அவரு கண்ணு ஓடுது, நான் அது பின்னாடி ஓடறேன், எல்லாமே கலங்கலா இருந்துச்சு. ஏதோ ஓரத்துல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கிழிசல்னா பெரும்பாலும் மேல, வெளிப்பக்கம்தானே வரும்? அதான் பத்துல போட்டேன்."

"குருட்டாம்போக்குலயா?"

"மெதுவாக்கா. கண்ணு சம்பந்தப்பட்ட கட்டடம்."

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து முட்டின. அவன் பேச்சை நம்பி மாற்றிச் சொல்லப் போனவள் அவள். பெரும்பாலும் அங்கேதான் வரும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் என்பது அந்தப் பெரியவரின் வலது கண் ஆகிவிடுமா?

மதியத் தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்தது. நுழைவுக் கூடத்தின் மூலையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே பெரியவர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களுக்கு முன்னால் லேசர் வைத்து அடைத்த பழைய கிழிசல் அவருடையது, இனி ஆபத்தில்லை. ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்காகத் தன் கண்ணை இரவல் கொடுக்க வருவார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையைத் திருப்பினார்.

"காலைல வந்த பொண்ணா? முகம் தெரியல. சொட்டு மருந்து விட்டுட்டாங்கன்னா எல்லாரும் எனக்குப் பஞ்சு மூட்டைதான்."

"நான்தாங்க. ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கிழிசலப் பத்தின்னா கேக்காதீங்கம்மா."

"ஏங்க?"

"கேட்டா சொல்லிடுவேன். எனக்கு வாய் நிக்காது. போன வருஷம் ஒரு பையன் பாவமா மூஞ்ச வெச்சுக்கிட்டுக் கேட்டான், சொல்லிட்டேன். அப்புறம் எனக்குத்தான் திட்டு. ஆயுசு பூரா மேல, கீழன்னு ஜனங்கள ஏத்தி எறக்கினவன், இதச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

கேட்டால் சொல்லிவிடுவார். ஒரே ஒரு வார்த்தை. கூடத்தில் வேறு யாரும் இல்லை. கேள்வி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பெரியவர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பரீட்சை எழுதுவது தான்தான் என்பது போலக் கவலையோடு அவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் இங்க இருப்பீங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இருப்பேன். மகன் வந்துதான் கூட்டிட்டுப் போகணும்." நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார். "நல்ல வேளை, நீங்க கேக்கல."

வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் முடியைக் குட்டையாக வெட்டிய பேராசிரியை ஒருவர். பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். நடுவில் அவள் வரைந்த தாள். சிவப்புப் பென்சிலில் ரத்தக் குழாய்கள்; நாலு மணியில் குதிரை லாட வடிவத்தில் அந்தக் கிழிசல், சுற்றிலும் லேசர் தழும்புகள். அழகாகத்தான் வரைந்திருந்தாள்.

"படத்தப் பத்திச் சொல்லுங்க," என்றார் பேராசிரியை.

"கிழிசல் இருக்கறதுல சந்தேகம் இல்லைங்க. சுத்தி லேசர் வெச்சு அடைச்சிருக்கு, அதுலயும் சந்தேகம் இல்ல. இடத்துலதான் சந்தேகம்."

தாடிக்காரர் நிமிர்ந்தார்.

"தாளத் தலைகீழா வெச்சேன். கடையில பழகின பழக்கத்துல மனசுலயும் திருப்பிட்டேனோன்னு தோணுது."

"தோணுதா, தெரியுமா?" என்றார் பேராசிரியை.

"தோணுதுங்க."

"அப்போ நாலு மணிய எதிர்ப்பக்கம் மாத்திக்கறீங்களா? மாத்தறதுன்னா இப்பவே சொல்லலாம். எழுதிக்கறோம்."

சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பத்து என்பதுதான் நடக்கக்கூடியதும்கூட. அவள் படத்தைப் பார்த்தாள். தான் வரைந்ததைத் தானே வேற்றாள் வரைந்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காம மாத்த முடியாதுங்க," என்றாள். "கடையா இருந்தா அவர வெளிய விட்டிருக்க மாட்டேன். இன்னொரு தடவ படுக்க வெச்சுப் பாத்திருப்பேன். அவரு கீழதான் இருக்காரு. மருந்துல விரிஞ்ச கண்ணு இன்னும் சுருங்கல. நான் மறுபடி பாக்கலாமா?"

இருவரும் ஜன்னல் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். தாடிக்காரர் ஏதோ விதிமுறைத் தாளைப் புரட்டினார். அந்த நேரத்தில் அவள் மனதுக்குள் முதலாளிக்கு ஒரு பதில் தயார் செய்தாள். அது நன்றாக வரவில்லை.

பேராசிரியை திரும்பி வந்தார். "பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஆனா அதுக்கு ஆகற நேரம் உங்க கேள்வி நேரத்துலேர்ந்துதான் போகும். கேள்வி குறைஞ்சா மார்க்கும் குறையும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

பெரியவரை அழைத்து வந்து படுக்க வைத்தார்கள். அவர் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, வாய் திறந்தால் உண்மை கொட்டிவிடும் என்பது போலப் படுத்திருந்தார்.

விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டாள். அறை இருண்டது. லென்ஸுக்குள் அந்த ஆரஞ்சு நிற நிலம் மெல்ல எழுந்து வந்தது; விமானத்திலிருந்து பார்க்கிற ஆறுகள் மாதிரி ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடின. எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காத ஊர் அது. காலையில் தேர்வு அவசரத்தில் அதைப் பார்த்து ரசிக்க மறந்துவிட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது. ஓரம் ஓரமாக நகர்ந்தாள். அதோ, கிழிசல். சின்ன மடிப்பு, சுற்றிலும், யாரோ பொறுமையாகப் பொட்டுப் பொட்டாக வைத்துத் தைத்தது போலத் தழும்புகள்.

மனசே, நீ கொஞ்சம் சும்மா இரு என்று சொல்லிக்கொண்டாள். எதையும் திருப்பாதே. கண் பார்க்கட்டும், கை எழுதட்டும். நீ வேடிக்கை பார்.

புதுத் தாளில், தெரிந்த இடத்தில், தெரிந்தபடி ஒரு குறி வைத்தாள். விளக்கைப் போட்டார்கள். தாளை நெஞ்சிலிருந்து எடுத்து நேராகத் திருப்பினாள்.

பத்து மணி.

தன் அழகான பழைய படத்தில் நாலு மணிக் கிழிசலைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் 'இடம் தவறு, மறுபடி பார்த்துத் திருத்தியது' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டாள். கடையில் தவறாக எழுதிய பவரை எப்படித் திருத்துவாளோ அப்படி.

"இப்ப நான் மூச்சு விடலாமா?" என்றார் பெரியவர். தாடிக்காரர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை.

அதன் பிறகு மிச்சமிருந்த நேரத்தில் நாலே கேள்விதான் கேட்க முடிந்தது. மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள்.

முடிவை அன்றைக்கே ஒவ்வொருவராக உள்ளே அழைத்துச் சொன்னார்கள். அவள் பெயர் கடைசியில் வந்தது. பேராசிரியை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே கெட்ட செய்தி என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"படத்துக்கு மார்க் கிடையாது. தப்பு தப்புதான். திருத்தினதுக்குன்னு தனியா மார்க் குடுக்க எங்களுக்கு வழியில்ல. கேள்விலயும் குறைஞ்சு போச்சு."

"சரிங்க."

"ஆனா நோயாளியோட பாதுகாப்புன்னு ஒரு பகுதி இருக்கு. தப்பான இடத்தோட அவர அனுப்பியிருந்தா அதுல ஃபெயில். அதுல ஃபெயில்னா மொத்தத்துலயும் ஃபெயில். நீங்க அனுப்பல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸ். ஓரத்துல ஒட்டிக்கிட்டு பாஸ். ஆனா பாஸ்."

எழுந்து கைகுலுக்கியதும், கதவைத் தேடி முதலில் அலமாரியைத் திறந்ததும், பிறகு கதவு வழியாகவே வெளியே வந்ததும் அவளுக்குப் பிற்பாடு சரியாக நினைவில்லை. மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். கால்கள் தாமாக நீண்டுகொண்டன. காலையில் இறக்கி வைத்ததாக நினைத்த மூட்டை உண்மையில் இப்போதுதான் இறங்கியது. கல் படி குளிர்ச்சியாக இருந்தது. கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள், யாரோ விசிலடித்துக்கொண்டு போனார்கள். எல்லாச் சத்தமும் தன்னை வாழ்த்துவது போல இருந்தது.

நெட்டை வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தான். அப்போதும் அவன் தலை அவளுக்குச் சமமாக இருந்தது.

"பாஸாக்கா?"

"பாஸ். நீ?"

"பாஸ்." படியில் விரலால் கோடு கிழித்தான். "படத்துக்கு முழு மார்க்."

"பாக்காமலேயா?"

"மெதுவாக்கா, மெதுவா."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்கவில்லை. நீளமான கைகளை முழங்கால் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சந்தோஷமா இருக்கணும்தானே? ஒரு மாதிரி இருக்குக்கா. நாளைக்கு எங்க கடைக்கு நிஜமாவே கண்ணு கிழிஞ்சு ஒருத்தர் வந்தா?"

அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பயிற்சி அறை சாயங்காலம் வரைக்கும் தொறந்துதானே இருக்கும்? வா. என் கண்ணுல மருந்த விடு. ஓரம் ஓரமா, முழு வட்டமும் பாக்கற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"அக்கா, இன்னைக்கா? ஊர் சுத்திப் பாக்கலாம்னு சொன்னீங்களே."

"இந்த ஊர முதல்ல பாரு."

முதல் முறை அவன் வெளிச்சத்தை அவள் புருவத்தில் அடித்தான். மூன்றாம் முறை நடுப்பகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் அவள், "இடது பக்கம் பாக்கறேன், லென்ஸ சாய், அவசரப்படாத, கண்ணு ஓடினா நீ ஓடாத, நில்லு," என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் லென்ஸை ஒரே இடத்தில் நிறுத்தினான். அவன் மூச்சு சீரானது.

"அக்கா," என்றான் மெதுவாக. "தெரியுது. ஓரம் வரைக்கும் தெரியுது."

வெளியே வந்தபோது தாழ்வாரத்து வெளிச்சம் அவள் கண்ணில் ஊசியாய் இறங்கியது. கைப்பேசியில் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாகக் கலைந்து ஓடியது. நெட்டைதான் எண்ணைத் தேடி வீடியோவில் அழைத்துக் கொடுத்தான்.

திரையில் ஏதோ ஒரு உருண்டை அசைந்தது. அது மகளாக இருக்க வேண்டும்.

"அம்மா, ஏன் உன் கண்ணு முழுக்கக் கருப்பா இருக்கு? பயமா இருக்கு."

"மருந்து விட்டிருக்கேன்டி. நாளைக்குள்ள சரியாயிடும். அம்மா பாஸ்."

"ஃபர்ஸ்ட்டா?"

"பாஸானவங்கள்ல கடைசி."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிற?"

பின்னாலிருந்து கணவன் குரல். "குடு, குடு, நான் பேசறேன். பாஸா? நிஜமாவா? அப்பாடா. கடைக்காரருக்கு நான் இப்பவே போயிச் சொல்லிடறேன்."

"வேண்டாங்க, நானே சொல்றேன். அந்த ஒரு சந்தோஷத்த எனக்கு விட்டு வையுங்க."

இன்னொரு உருண்டை குறுக்கே வந்து திரையை மறைத்தது. நாத்தனார். அவள் இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள்.

"பாஸாயிட்டியா? நல்ல காரியம் பண்ணின. ஃபெயிலாகியிருந்தா அடுத்த வருஷமும் நான்தானே வந்து உன் வீட்டு அடுப்பக் கட்டிட்டு அழணும்? உன்னவிட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டேன், தெரிஞ்சுக்கோ."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்? எதிர்ல யாரு நிக்கறான்னாவது தெரியுதா உனக்கு?"

"ஒண்ணும் தெரியல அண்ணி," என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "நீங்க பேசிக்கிட்டே இருங்க."